நாப்பது எழுத்துக்கு மேல

இல்லீங்க சார், கூட்டத்துல வந்து பேசற அளவுக்கு நான் ஒண்ணும் கிழிச்சிடல. உங்க ஆப்புல ஒரே ஒரு திருத்தம். அதுவும் நீங்க ரெண்டு தடவ திருப்பி அனுப்புனது. ஐயோ, குறையா சொல்லல சார், காபிய குடிங்க, ஆறிடப் போவுது.

எங்கப்பா மருதமுத்து, மைன்ஸ்ல நிலக்கரி பெல்ட் ஆபரேட்டரு. தொண்டையில கட்டின்னு ஆபரேஷன் பண்ணாங்க, அதோட பேச்சு போயிடுச்சி. அப்பதான் உங்க ஆப்ப போன்ல போட்டுக் குடுத்தேன். எழுதுனா அது பேசுமில்ல. ஆனா நாப்பது எழுத்து தாண்டுச்சின்னா நடுவுலயே நின்னுடும். முன்னல்லாம் நம்மப்பா பேச ஆரம்பிச்சா குவார்ட்டர்ஸ் பிளாக்கே கேக்கும் சார். பால்காரருகிட்ட ஏதோ சொல்ல எழுதுவாரு, போனு பாதியில நின்னுடும், அவரும் சரி சரின்னு தலையாட்டிகினு போயிடுவாரு. அப்பா போனயே பாத்துகினு நிப்பாரு.

ஆப்போட கோட யாரு வேணும்னாலும் திருத்தலாம்னு போட்டிருந்தீங்கல்ல? நான் டிப்ளமோதான். வீடியோ பாத்துப் பாத்து ரெண்டு மாசம் கத்துகினேன். குரல் உங்க சர்வர்லேருந்து வருது, என் திருத்தத்த நீங்க சேத்துக்கினாத்தான் அப்பா போன்ல முழுசா பேசும். மொத தடவ, பழைய வெர்ஷன்ல பண்ணிருக்கீங்கன்னு திருப்பிட்டீங்க. அடுத்து, கோடு சரியா ஓடுதான்னு பாக்கற டெஸ்ட் எழுதலன்னீங்க. அதையும் எழுதி அனுப்புனேன். அப்புறம் பதிலே காணோம். தெரியும் சார், ஆபீஸ் போயிட்டு வந்து சம்பளமில்லாம பாக்கற வேலதான. நான்தான் தெனமும் கேட்டுகினே இருந்தேன். புதுசா வர்றவங்க இவ்ளோ அவசரப்படக் கூடாதுன்னு எல்லாரும் பாக்கற எடத்துல எழுதிட்டீங்க. அழுதுட்டேன். என்னம்மான்னு அப்பா எழுதிக் கேட்டாரு. ஒண்ணுமில்லப்பா, அடுத்த வாரம் வந்துடும்னேன். நாலு வாரம் அதையே சொன்னேன்.

காரணத்த எழுதியிருக்கலாம்தான். எங்கப்பா கஷ்டத்த முகம் தெரியாதவங்ககிட்ட எதுக்குன்னு விட்டுட்டேன்.

அப்பாவா? பாக்கணுமா?

இல்ல சார்... சேத்துக்கினோம், வாழ்த்துகள்னு ஒரு ஞாயித்துக்கெழம மெயில் போட்டீங்கல்ல, அன்னிக்குத்தான் அப்பாவுக்குக் கருமாதி. சேத்தியாத்தோப்புலேருந்து சொந்தக்காரங்கல்லாம் வந்து பந்தியில உக்காந்துட்டாங்க, நான் எல போட்டுகினு இருந்தேன். ஈரக் கையோடவே, நன்றி சார்னு அடிச்சி அனுப்பிட்டு சாம்பார் வாளிய எடுத்துகினு போயிட்டேன்.