ஜமுனாவின் தீனி

ஈன்ற எருமைக்குப் புண்ணாக்கையும் தவிட்டையும் மெதுவாகத்தான் கூட்ட வேண்டும், ஐயா. அவசரப்பட்டால் வயிறு கெட்டுவிடும். நானும் அப்படித்தான் கூட்டினேன். பெர்சீம் பசும்புல், கோதுமை வைக்கோல், பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, தாது உப்பு, எதிலும் நான் குறை வைக்கவில்லை. அப்படியும் ஜமுனாவின் பால் ஒரு அளவுக்கு மேல் ஏறவில்லை.

பக்கத்து வீட்டு ராம்பலின் எருமைதான் போன வருடப் பால் போட்டியில் ஜெயித்தது. அவன் ஹூக்காவை இழுத்துக்கொண்டே சொல்வான்: "ஜகபீரு, உன் எருமை தின்னுறதப் பாத்தா கல்யாண வீட்டுச் சமையக்காரனே பயந்துடுவான். கறக்குறதப் பாத்தா பூனை சிரிக்கும்."

மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தேன். ஜமுனாவின் சக்தி அவ்வளவுதான் என்றார். இவ்வளவு செய்தவனுக்கு அது ஒரு பதிலா?

அந்த வாரமே என் மனைவி ரோஷ்னிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாமனார் ரோத்தக்கிலிருந்து ஒரு டின் நெய்யும், பாதாமும் பிசினும் போட்ட லட்டும் கொண்டுவந்தார். "என் பொண்ணுக்குத்தான் மாப்பிள்ள இது. பால் நல்லா ஊறும்," என்றார்.

பால் ஊறும் என்பது மட்டும் என் காதில் நின்றது. அவர் கிளம்பியதும் லட்டை உதிர்த்து, நெய்யை ஊற்றி, ஜமுனாவின் தொட்டியில் வைத்தேன். பால் கொஞ்சம் ஏறியது. அப்புறம் எப்படி நிறுத்துவது?

ரோஷ்னி ரொட்டியும் மிளகாய்த் துவையலும் தின்றாள். ஒருநாள் கேட்டாள்: "ஒரு டம்ளர் பால் எனக்குக் குடுங்க. புள்ளைக்கு ஊறவே மாட்டேங்குது. கன்னுக்குட்டிக்கு மட்டும் விடுறீங்களே."

கன்று முட்டினால்தான் ஜமுனா பாலை இறக்குவாள் என்று பொறுமையாக விளக்கினேன். இந்த வருடப் பால் போட்டி முடியட்டும் என்றேன்.

குழந்தை ஓயாமல் அழுதது. சத்தம் கேட்டால் ஜமுனா மிரண்டு பாலை அடக்கிக்கொள்வாள். அதனால் ரோஷ்னியையும் குழந்தையையும் வயலில் இருந்த மோட்டார் அறையில் கொண்டுபோய் வைத்தேன். தை மாதக் குளிர். திரும்பி வந்துவிடக் கூடாதென்று வெளியே பூட்டினேன். ரொட்டி கொண்டுபோகும்போதெல்லாம் கவனித்தேன், அழுகை மெலிந்துகொண்டே வந்தது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

போட்டிக்கு முந்தின நாள் நெய் ஜமுனாவின் வயிற்றைக் கெடுத்தது. தொட்டியில் வாய் வைக்கவில்லை. மேடையில் அவள் கறந்ததைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. இந்த முறையும் ராம்பலின் எருமைக்குத்தான் மாலை.

எரிச்சலோடு வந்து பூட்டைத் திறந்தேன். ரோஷ்னி குழந்தையை மார்போடு அணைத்திருந்தாள். அது விறைத்திருந்தது. அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஜெயிச்சுட்டீங்களா?"

விவரம் தெரியாமல் செய்துவிட்டான் என்று என் வக்கீல் வாதாடப் போகிறாராம். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஈன்றவளுக்குத் தீனி குறைந்தால் முதலில் பால் வற்றும், பிறகு குட்டி சாகும். அதுகூடத் தெரியாதவனா நான்? எங்கள் பக்கம் எருமை வைத்திருக்கும் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.