மத்தியான ஓய்வு வேணாம்

இல்லக்கா, மத்தியானம் ஓய்வுன்னு ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, அதை மட்டும் எடுத்துடுங்க. மத்ததெல்லாம் பிரமாதம். நீங்க அனுப்பின டூர் திட்டத்தைக் காலைல கடை திறந்ததுமே படிக்க ஆரம்பிச்சுட்டேன். படிச்ச ஜோர்ல ஒருத்தர் கண்ணாடிய இன்னொருத்தருக்கு மாட்டி அனுப்பிட்டேன்னா பாத்துக்கோங்க. ஆமா, மூக்குக்கண்ணாடி கடையிலதான் வேலை. அந்த மனுஷனும் இப்பதாம்மா உலகமே தெளிவா இருக்குன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டார். தெருமுனை வரைக்கும் ஓடிப்போய்ப் புடிச்சுட்டு வந்தேன்.

ஓய்வு எல்லாருக்கும் வேணும்தான். ஆனா எங்க வீட்ல யாருக்கும் வேணாம். வயசானவங்க யாரும் வரலக்கா. அப்பா டயர் கடை வச்சிருக்கார், லாரி டயரை ஒத்தை ஆளா உருட்டிப் போடுவார். அம்மா நர்ஸ். வார்டு பூரா நடந்துட்டு வந்து, அப்புறம் வீட்டையும் ஒரு சுத்து பெருக்குவாங்க. எனக்குக் கீழ ஒரே ஒரு தங்கச்சி, எட்டாவது படிக்குது, அது நடக்கவே நடக்காது, ஓடும். அதனால மத்தியானத்துல அந்த நாணய மியூசியத்தைப் போட்டுடுங்க. ஏசி இருக்குமா? இல்லையா? பரவால்ல, வேர்த்தா வேர்க்கட்டும்.

உங்களை எப்படிப் புடிச்சேன்னு சொன்னா சிரிப்பீங்க. ஊரைச் சுத்திக் காட்டுறவங்க பத்தி ஜனங்க எழுதியிருந்ததை எல்லாம் ஒண்ணு விடாமப் படிச்சேன். உங்களப் பத்தி ஒருத்தர் குறை எழுதியிருந்தார், இந்தம்மா வாயை மூடவே மாட்டேங்குது, காது வலிச்சுப்போச்சுன்னு. அதைப் பாத்ததும் சட்டுனு நம்பரைத் தட்டிட்டேன். கோவிச்சுக்காதீங்கக்கா, எனக்கு அதான் வேணும். கோட்டைக்குள்ள வந்ததுலேர்ந்து வெளிய போற வரைக்கும் நீங்க பேசிட்டே இருக்கணும். தண்ணி குடிக்கணும்னா சொல்லுங்க, அந்த நேரத்துக்கு நான் பேசுறேன். எனக்கும் நிறையத் தெரியும்.

தெரியும்னா, சும்மா இல்லக்கா. ஸ்கூல் லைப்ரரில உங்க ஊரைப் பத்தி அட்டை கிழிஞ்ச புத்தகம் ஒண்ணு இருந்துச்சு. எடுத்தவ திருப்பியே குடுக்கல, இப்பவும் என் தலகாணிக்குப் பக்கத்துலதான் கெடக்கு. கிழக்கு வாசல் செவத்துல ஒரு செங்கல்ல நாயோட கால் தடம் இருக்காமே? களிமண்ணு காயறதுக்குள்ள ஏதோ ஒரு நாய் மிதிச்சுட்டு ஓடியிருக்கு, அவங்களும் அதை அப்படியே சூளையில வச்சுட்டாங்க. கோட்டையைக் கட்டின ராஜா யாருன்னு படிச்சவங்க சண்டை போடுறாங்க, அவரா இவரான்னு, நாய் மட்டும் கையெழுத்துப் போட்ட மாதிரி நிக்குது. நீங்க பாத்திருக்கீங்களா? தொட்டிருக்கீங்களா? ஐயோ. எவ்ளோ பெரிய நாய்? ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம், வச்சுடாதீங்க, கஸ்டமர்.

வாங்க சார். மூக்குல அழுத்துதா? குடுங்க. இந்தாங்க, இப்பப் போட்டுப் பாருங்க. இன்னும் கொஞ்சமா? இப்ப? இதுக்குப் போய்க் காசா, போயிட்டு வாங்க சார்.

சொல்லுங்கக்கா. ரூமா? உங்க சித்தி வீட்டு மாடியா, நல்லது. ஒரே ரூம் போதும். தெரியுது, ரெண்டு ரூம்னா வசதிதான், அப்பா அம்மாவுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு. வேணாம்கா. நாலு பேரும் ஒரே ரூம்லதான் இருக்கணும். ஜன்னல் எந்தப் பக்கம்? தோட்டத்துப் பக்கமா. அந்தப் பாத்திரம் அடிக்கிற தெருப் பக்கம் கிடைக்குமா? தெரியும்கா, செம்பு அடிக்கிற சத்தம் நாள் பூரா இருக்கும்னு புத்தகத்துலயே போட்டிருக்கு. பக்கத்துல இருக்குறவங்க பேசுறதே கேக்காதா? அப்ப அந்த ரூம்தான். எழுதிக்கோங்க.

சாப்பாட்டுக்கு நீங்க சொன்ன அந்த அமைதியான இடம், மரத்தடில தனித்தனி மேசை போட்டிருக்கும்னீங்களே, அது அழகாத்தான் இருக்கு, போட்டோ பாத்தேன். ஆனா வேற இடம் பாருங்க. நீளமா மேசை போட்டு எல்லாரும் வரிசையா இடிச்சுக்கிட்டு உட்காருற இடமா. எங்க அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவுல முன்னப்பின்ன தெரியாத நாலு பேர் வந்து உட்கார்ந்தா ரொம்ப நல்லது. அதுல ஒருத்தர் வாயாடியா இருந்தா இன்னும் நல்லது.

அகழில படகா? அது திட்டத்துல இல்லையே, புதுசா? ஆசையாத்தான் இருக்கு. தங்கச்சி குதிக்கும். படகு ஓட்டுறவர் பேசுவாரா? பேச மாட்டாரா? சுத்தமாவா? துடுப்புச் சத்தம் மட்டும்தானா. அப்ப வேணாம்கா. விட்டுடுங்க. மணிக்கூண்டு ஏறலாம். படி குறுகலா இருக்குமாமே, ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்தான் போக முடியுமாமே? ரொம்ப நல்லது. ரெண்டு தடவை ஏறுவோம்.

சிரிக்காதீங்க. நான் நிஜமாத்தான் சொல்றேன்.

என்னது? சண்டையா? யாருக்கும் யாருக்கும்? அப்பாவுக்கும் அம்மாவுக்குமா?

இல்லக்கா. அதெல்லாம் ஒண்ணுமில்ல. சண்டையே இல்ல.

அதெல்லாம் முன்னாடி. முன்னாடின்னா அது ஒரு மாதிரி நல்லாவே இருக்கும். ஒரு தடவை கடற்கரைக்குப் போலாம்னு நாலு பேரும் கெளம்பி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டோம். அப்பா வந்த பஸ்ஸைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, பின் டயர் மொட்டையா இருக்கு, இதுல என் பிள்ளைங்கள ஏத்த மாட்டேன்னுட்டார். அடுத்த பஸ்ஸும் அப்படித்தான். அம்மாவுக்கு வந்துச்சு பாருங்க கோவம். டயரைக் கட்டிக்கிட்டிருக்க வேண்டியதுதானே, என்னை எதுக்குக் கட்டிக்கிட்டீங்கன்னு, அத்தனை பேருக்கு முன்னாடி. அப்பாவும் விடல, டயராவது எப்பவாவதுதான் வெடிக்கும்னுட்டார். கண்டக்டர் விழுந்து விழுந்து சிரிச்சார். கடைசில யாரும் எங்கயும் போகல. பையைத் தூக்கிட்டுத் திரும்பி வந்து, கட்டிட்டுப் போனதை வீட்டுத் தரையில உட்கார்ந்து சாப்பிட்டோம். அன்னிக்கு சாயங்காலமே ரெண்டு பேரும் ஒரே பக்கம் உட்கார்ந்து எங்களைத் திட்டிட்டு இருந்தாங்க. அதோட சரி, அதுக்கப்புறம் நாங்க எங்கயும் போனதில்ல. இதான் முதல் தடவை. முதல் தடவைன்னுதானே உங்ககிட்ட முதல்லயே சொன்னேன்.

இப்ப எப்படின்னா. எப்படிச் சொல்றது. அம்மா தண்ணி கேட்டா அப்பா எடுத்துக் குடுக்குறார். அம்மா தேங்க்ஸ்ங்கிறாங்க. எங்கம்மா, எங்கப்பாவுக்கு, தேங்க்ஸ். எனக்குக் கையில இருந்த தட்டு கீழ விழுந்துடும் போல ஆயிடுச்சு. போன வாரம் அப்பா டயர்க் கருப்பு அப்பியிருந்த கையோட வந்து வெள்ளைத் துண்டைத் தொட்டுட்டார். வழக்கமா அதுக்கு வீடு இடிஞ்சு விழணும். அம்மா ஒண்ணுமே சொல்லல. வேற துண்டு எடுத்து வச்சுட்டுப் போயிட்டாங்க. அப்பா அந்தத் துண்டையே பாத்துட்டு நின்னார். திட்டினா பரவால்லன்னு இருந்திருக்கும் அவருக்கு. எனக்கே இருந்துச்சு.

சுத்தி வளைச்சுப் பேசுறேன்ல? சரி, கேளுங்க. உங்க ஊருக்குப் போலாம்னு நான் எத்தனை வருஷமா கேக்குறேன். கேட்டா அம்மா லீவு கிடைக்காதும்பாங்க, அப்பா கடையை யார் பாக்குறதும்பார். இந்தத் தடவை நான் கேக்கவே இல்லக்கா. அவங்களே கூப்பிட்டு உட்கார வச்சு, போலாமான்னாங்க. அம்மா லீவு வாங்கியாச்சு. அப்பா கடைக்கு ஆள் சொல்லியாச்சு. நீயே எல்லாம் பாத்து ஏற்பாடு பண்ணும்மா, உனக்குத்தான் அந்த ஊரு தெரியும்னாங்க. தங்கச்சி கத்தின கத்துல பக்கத்து வீட்லேர்ந்து வந்து என்னாச்சுன்னு கேட்டாங்க. அது அன்னிக்கே பையில துணி வச்சுட்டுது. தொப்பி கூட வச்சுட்டுது.

நானும் கத்தினேன். கூடச் சேர்ந்து கத்தணும்ல.

ஒரு நிமிஷம்கா. முதலாளி பாக்குறார். இந்தா முடிச்சுட்டேன் சார், லென்ஸ் வந்துச்சான்னு கேட்டுட்டு இருக்கேன்.

பொய்தான். விடுங்க. கடைசி நாள் சாயங்காலம் என்ன போட்டிருக்கீங்க? ஆத்தங்கரைப் படிக்கட்டு. சூரியன் மறையறது. குடும்பமா உட்கார்ந்து பேச நல்லா இருக்கும்னு பக்கத்துல எழுதியிருக்கீங்க. அதுவும் வேணாம்கா. இல்ல, எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் அது. அந்தப் புத்தகத்துல அந்தப் பக்கம்தான் ரொம்பக் கிழிஞ்சிருக்கும், அவ்ளோ தடவை பாத்திருக்கேன். அதனாலதான் வேணாங்கிறேன்.

வேற ஒண்ணுமில்ல. எங்க அப்பாவும் அம்மாவும் பிரியப் போறாங்க. அதை உங்க ஊர்ல வச்சுத்தான் எங்ககிட்ட சொல்லப் போறாங்க. கடைசி நாள்.

எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் கடை சீக்கிரம் மூடிட்டாங்கன்னு நேரத்தோட வீட்டுக்கு வந்துட்டேன். கதவு திறந்துதான் இருந்துச்சு. ரெண்டு பேரும் அடுப்படில இருந்தாங்க. அம்மா கீரை ஆய்ஞ்சுட்டு இருந்தாங்க, அப்பா பக்கத்துல நின்னு தண்டைப் பொறுக்கி ஓரமாப் போட்டுட்டு இருந்தார். பாத்தா அவ்ளோ ஒத்துமை. அம்மா சொன்னாங்க, வீட்ல வச்சு சொல்ல வேணாங்க, அப்புறம் அந்த இடத்தைப் பாக்குறப்பெல்லாம் பிள்ளைங்களுக்கு அதான் ஞாபகம் வரும், வேற எங்கயாவது போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்னு. அப்பா கையில இருந்த தண்டை ஓரமாப் போட்டார். அப்புறம் சொன்னார், பெரியவ அந்த ஊரு அந்த ஊருன்னு உயிரை விடுவாளே, அங்கயே போலாம், புடிச்ச இடமா இருந்தா கொஞ்சம் தாங்கிக்குவான்னு.

எவ்ளோ யோசிச்சிருக்காங்க பாருங்க. செருப்பைக் கழட்டாம அப்படியே திரும்பி வெளிய போய், தெருவை ஒரு சுத்து சுத்திட்டு, வழக்கமான நேரத்துக்கு வந்தேன்.

அழலக்கா. பேச்சுல மூச்சு வாங்குது, அவ்ளோதான்.

நான் என்ன நெனச்சேன்னா, அவங்க ரெண்டு பேரும் சேர்ந்தாப்பல வாயைத் திறக்க ஒரு நிமிஷம் கூடக் குடுக்காமச் சுத்தினா, சொல்லாமயே ஊர் திரும்பிடுவாங்கன்னு. அங்க சொல்லலன்னா வீட்ல சொல்ல மாட்டாங்க. வீட்ல சொல்லக் கூடாதுன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்களே. அப்ப எங்கதான் சொல்லுவாங்க? அப்படியே தள்ளிப் போயிடும்ல.

ம். பஸ்ல வச்சு சொல்லிடுவாங்கன்றீங்க. சொல்லுவாங்கதான். பக்கத்து சீட்டுக்காரன் தூங்குறானான்னு பாத்துட்டு. அது இன்னும் மோசம். தங்கச்சி கத்தினா இறங்கக் கூட முடியாது.

உங்க வீட்லயுமா? உங்களுக்கு எங்க வச்சு சொன்னாங்க? யாருமே சொல்லலையா. நீங்களா புரிஞ்சுக்கிட்டீங்களா.

சரி. சரிக்கா. அப்ப ஒண்ணு கேக்குறேன், நீங்க அந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவங்க, உங்களுக்குத்தான் தெரியும். அங்க ஒண்ணுமே நடக்காத இடம்னு ஏதாவது இருக்கா? கோட்டை இல்ல, வாசல் இல்ல, எந்த ராஜாவும் வந்ததில்ல, யாரும் செத்ததில்ல. எந்தப் புத்தகத்துலயும் வராத இடம். நான் இதுவரைக்கும் பேரு கூடக் கேள்விப்பட்டிருக்கக் கூடாது. அப்படி ஒரு இடம் சொல்லுங்க. கடைசி நாள் சாயங்காலம் எங்களை அங்க விட்டுட்டு நீங்க ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. அவங்க அங்க சொல்லிக்கட்டும். அப்புறம் மத்த இடமெல்லாம் எனக்கு அப்படியே இருக்கும்ல.

புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடியா. வண்டி நிறுத்துற இடம். தண்ணி டேங்க் ஒண்ணு, சுத்தி வேலி. வேற? வேற ஒண்ணுமே இல்லையா? அழகா இருக்குமா? இருக்காதா? கண்டிப்பா இருக்காதே?

அதைப் போட்டுடுங்க. அங்க உட்கார ஏதாவது இருக்கா? சிமெண்ட் பெஞ்சு ஒண்ணு. மூணு பேர் உட்காரலாமா.

போதும்கா. நான் நின்னுக்குறேன்.