இதயநோயாளிகளின் சர்க்கரையைச் சுமந்து, இன்று பணி ஓய்வு பெறும் மருத்துவர் ருஜா தசேவ்ஸ்காவுக்கு

நெஞ்சைப் பிடித்தபடி நம் இதயப் பிரிவுக்குள் வந்தோரின் குருதியில் ஏறிநின்ற சர்க்கரையை, அஞ்சாமலும் அவசரப்படாமலும் அளந்து அளந்து இறக்கிய அன்புசால் அம்மையீர், அருமை மருத்துவர் ருஜா தசேவ்ஸ்கா அவர்களே, வணக்கம்.

இதயம் எங்களுடையது, சர்க்கரை உங்களுடையது என்று ஒரே கட்டிலை இரண்டாகப் பங்கிட்ட எங்களிடம், படுத்திருப்பவர் ஒருவர்தான் என்று பணிக்காலமெல்லாம் சொல்லிச் சொல்லிக் குரல் தேய்ந்தவர் நீங்கள். சர்க்கரை ஏறிக் கிடந்தால் இதயம் ஆறாது, தடாலென்று தாழ்த்தினால் தாங்காது என்று களைத்த வேளையிலும் கருத்தாய் உரைத்தவர் நீங்கள். புகழுரை உங்களுக்குப் பிடிக்காது. ஆகவே நாங்கள் கண்ணால் கண்ட ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

ஒஹ்ரித் சாலையில் பேருந்து ஓட்டிய ட்ராய்சே மாரடைப்போடு வந்தார். சர்க்கரை எக்கச்சக்கம். இன்சுலின் என்றதும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"ஊசின்னு ஆரம்பிச்சா பஸ்ஸ விட்டு இறக்கிருவாங்க டாக்டரம்மா. மாத்திரையே குடுங்க."

"பஸ்ஸு கதைய அப்புறம் பேசுவோம். அடிபட்ட இதயம் மொதல்ல ஆறட்டும். இங்க இருக்குற வரைக்கும் ஊசி. வீட்டுக்குப் போறப்ப மாத்திரை போதுமான்னு பார்த்துச் சொல்றேன்."

நம்பிக் கையை நீட்டினார். வீடு திரும்பும் நாளில், மாத்திரை போதாது என்பதை எங்களில் எவரையும் அனுப்பாமல் நீங்களே போய்ச் சொன்னீர்கள்.

"நல்லா ஏமாத்திட்டீங்க" என்றவர், மருந்துச் சீட்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டு நடந்தார். வீட்டில் ஊசியைத் தொடவேயில்லை; பேருந்து ஓட்டுவதையும் நிறுத்தவில்லை.

பனிக்காலத்தில் மறுபடி வந்தார், ஸ்ட்ரெச்சரில், மூச்சுக்குத் தவித்தபடி. இரண்டாம் மாரடைப்பு. மூச்சு சற்று அடங்கியதும் உங்களைத் தேடினார்.

"திட்டுங்க டாக்டரம்மா. திட்டித் தீத்துருங்க."

"திட்டத் தெம்பு இல்ல எனக்கு. கைய நீட்டுங்க."

அன்று நாள் முழுதும் அவர் அருகிலேயே இருந்தீர்கள். சர்க்கரை இறங்க இறங்க மருந்தைக் குறைத்தீர்கள். அவர் தேறிய பிறகு மனைவி ஸ்லாவ்காவுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தீர்கள். ட்ராய்சே பிழைத்தார், பேருந்து போயிற்று. இப்போது நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுக்கிறார்.

"அந்தக் கூண்டுக்குள்ள உக்கார இன்னும் பிடிக்கல. ஆனா உக்காந்திருக்கேன்ல" என்று சென்ற முறை பரிசோதனைக்கு வந்தபோது சொன்னார். அதற்கு நீங்கள் சிரித்தீர்கள். நெடுநாளுக்குப் பின் உங்கள் சிரிப்பை அன்றுதான் பார்த்தோம்.

அவர் எழுந்த கட்டிலில் அன்றைக்கே இன்னொருவர் படுத்தார். பார்க்க வருவோர் பக்லாவா இனிப்பை ஒளித்துக்கொண்டு வருவதும் நிற்கவில்லை. உங்கள் இடத்துக்கு இன்னும் எவரும் வரவில்லை. நீங்கள் களைத்துவிட்டீர்கள் அம்மா, நாங்களும்தான். அதை மலர்ச்சொற்களால் மூடி மறைக்க மனம் வரவில்லை.

இனிவரும் காலைகளில் காப்பியை ஆறுமுன் குடித்து முடிக்கும் பேறு உங்களுக்கு வாய்க்கட்டும். நோயறியா உடலும் நோவறியா உறக்கமும் நெடுங்காலம் நிலைக்கட்டும். நாளையே ஏதாவது ஒரு கட்டிலருகே நின்று குழம்பி உங்களைத் தொலைபேசியில் அழைப்போம். கட்டாயம் அழைப்போம்.

எடுக்காதீர்கள்.

உங்களோடு உழைத்த,
இதயப் பிரிவு மருத்துவர்கள், செவிலியர், ஊழியர்
பெரெஸ்னிட்சா, மாசிடோனியா