மறியல் வயல் துருசு

— நான் வரல்ல சபூறா. வேனத் திருப்பிட்டுப் போங்க.

— அல்லாட காவல்! இந்த மனிசனுக்கு என்ன புடிச்சிரிக்கி? சீனித்தம்பி அண்ணன், நீங்க காவலுக்கு நிக்கிறவர்தானே, கேட்டுச் செல்லுங்க. ஏழு வருசச் சிறை முடிஞ்சி இண்டைக்கு விடுதலை. வாசல்ல வேன் நிக்கி. அதுக்குள்ள ஒம்பது பேர். மூணு சஹன் தட்டுச் சாப்பாடு ஆறிட்டுக் கிடக்கி. இவரு மறியல உட்டு வரமாட்டாராம்!

— நான் என்னத்தச் சொல்ல தங்கச்சி? முப்பது வருசம் இஞ்ச நிக்கன். வேலி பாஞ்சு ஓடினவனக் கண்டிருக்கன், மறுகா புடிச்சும் கொண்டு வந்திருக்கன். போ எண்டு துரத்தியும் போகாதவன் உண்ட புருசன் பக்கீர் முகைதீன் ஒராள்தான்.

— நெல்லு குடலை, கேட்டியா புள்ள! கதிர் வயித்துக்குள்ள நிக்கி. இன்னும் இருபதே இருபது நாள் தண்ணி நிண்டாப் போதும், பால் புடிச்சிரும். இப்ப உட்டுட்டு வந்தா நாப்பது ஏக்கரும் பதர்.

— பதராப் போகட்டும்! அது யாருட நெல்லு? அரசாங்கத்துட நெல்லு! அதுக்கு வயித்துல புள்ள இரிக்கிற மாதிரி கதைக்கிறீங்க.

— விதைச்சவன் நான் புள்ள.

— தங்கச்சி, ஏசாத. இந்தக் காணியிட குணம் அப்பிடி. அந்தக் காலம் கைதிமாரக் கொண்டு வந்து இறக்கி, காட்ட வெட்டச் சொன்னாங்க. வாய்க்கால் வெட்டினதும் அவங்கதான், தென்னை வெச்சதும் அவங்கதான். மதில் மட்டும் கட்டல்ல. சுத்தி நிக்கிற கரண்டு வேலி கூட கைதிக்கில்ல, ஆனைக்கு. காலமை எண்ணி வயலுக்கு உடுவம், பின்னேரம் எண்ணி எடுப்பம். மறுகா அரிசி நாட்டுல இருக்கிற மறியலுக்கெல்லாம் போகும். கொலை செஞ்சவனும் ஒரு போகம் விதைச்சானெண்டா கதிரப் பாக்காமப் போக மாட்டான்.

— அண்ணன், நான் மறியலக் குத்தம் செல்லல்ல. சுனாமியில என்ன காப்பாத்தினதே இந்த மறியல்தான். அண்டைக்கு ஞாயித்துக்கிழம. இவரப் பாக்கணும் எண்டு சுபஹுத் தொழுகையோட வெளிக்கிட்டு வந்தன். இஞ்ச இரிந்து இவருக்குப் புட்டுப் பிசைஞ்சு குடுக்கக்குள்ள, அங்க பாலமுனையில எங்கட ஊட்டக் கடல் எடுத்துட்டுப் போய்ட்டு.

— மூணாம் நாள் எங்களையும் லொறியில ஏத்திக் கரைக்குக் கொண்டு போனாங்க, மையத்து அடக்க. ஊட்டடியில பாத்தா கிணத்துக் கட்டு மட்டும் நிக்கி. குழி வெட்டி வெட்டி அழுதன். அண்டைக்கு எங்கள்ல ஒருத்தனும் ஓடல்ல, தெரியுமா சேர்?

— தெரியும்டா. நானும் அழுதனான்.

— அழுறதெல்லாம் முடிஞ்சிது, எழும்புங்க! சண்டையும் முடிஞ்சிது. போன வருசம் இஞ்ச வாறதுக்கு ஏழு செக்பொயின்ட்ல எறங்கி நடந்தன். இண்டைக்கு ரெண்டே ரெண்டு. ரெண்டாவது எடத்துல ஆமிக்காரன் சட்டியத் தொறந்து மணந்து பாத்துட்டு சிரிக்கான். நாடே சிரிக்கி, நீங்க மட்டும் மூஞ்சத் தூக்கிட்டு நிக்கிறீங்க.

— தங்கச்சி, ஒண்டு சொல்லணும். எங்கட மறியலுக்குப் பொறுப்பான பெரியவரும் சம்மதிச்சிட்டார். விடுதலைச் சீட்ட எடுத்துட்டு, இருபது நாளைக்குக் கூலியாளா நிக்கட்டாம். ஆனா பொஞ்சாதி ஓம் எண்டு சொன்னாத்தானாம்.

— பொஞ்சாதி மாட்டன் எண்டு செல்றா! போய்ச் செல்லுங்க! இஞ்ச மாடு மேய்க்கிறன் எண்டுதானே எனக்குச் செல்லியிரிந்தாரு, மாடு மேய்க்கிற ஒராள் போனா நெல்லு வெளயாதா?

— மாடு… மாடு மேய்க்கல்ல புள்ள.

— பின்ன?

— இந்தப் போகம் தொடக்கம் வாய்க்கால் மதகு, அந்தத் துருசுட சாவி என்ட கையில. தண்ணிய உடுறதும் மறிக்கிறதும் நான்தான்.

— யா அல்லாஹ்! தண்ணிச் சண்டையில பக்கத்து வயல் மசூர்ட கைய மண்வெட்டிப் புடியால முறிச்சிட்டுத்தானே இஞ்ச வந்தீங்க! இனித் தண்ணிப் பக்கம் திரும்புறதில்ல எண்டு என்ட தலையில கை வெச்சிச் சத்தியம் பண்ணினீங்க! அண்ணன், இவருட கையில போய் சாவியக் குடுத்தது யாரு?

— பெரியவர்தான். இவண்ட வழக்குப் பைலப் பாத்துட்டு, தண்ணிக்காக அடிபட்டவனவிடத் தண்ணியில கவனமான ஆள் எங்க கிடைக்கப் போறான், இவனுக்கே குடு எண்டார். மறுகா பாரு, இவன் போனா சாவி கொழும்புக்காரன் ஒருத்தனுக்கு. அவனுக்கு நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியா.

— அதத்தான் புள்ள நானும் செல்றன். இஞ்ச வா, இதக் கேளு, சிரிப்ப. நாலு நாள் தண்ணி எங்களுக்கு, மூணு நாள் கீழ்க்கண்டத்து வயலுகளுக்கு. அதுதான் முறை. நான் என்ன செய்வன், அவங்கட மூணு நாளும் துருசுக்குள்ள ஒரு சாக்கும் ரெண்டு புடி வைக்கோலும். தண்ணி போகும், போகல்ல எண்டு ஒருத்தனும் செல்ல ஏலா. ஆனா நூல் மாதிரித்தான் போகும்!

— எனக்குத் தெரியாதெண்டு நினைச்சானாம்! நானும் கண்டும் காணாத மாதிரித்தான் நிண்டன் தங்கச்சி. எங்கட நெல்லப் போய்ப் பாரு, ஆள் மறையும்!

— கீழ ஒருத்தி இரிக்கா, கேட்டியா. நீலத் தகரம் போட்ட வாடிக் குடிசை. முகம் தெரியா, அவ்வளவு தூரம். வரம்புல நிண்டு கறுப்புக் குடைய ஆட்டி ஆட்டி ஏசுவா. நானும் உடமாட்டன். அணைக்கட்டுல ஏறி, சாரத்த அவுத்து, உள்ள களிசான் இரிக்கி பயப்படாத, கொடி மாதிரி ஆட்டிக் காட்டுவன்!

— பெட்டிசமும் போட்டவ தங்கச்சி! பேர் இல்ல, பாதிக்கப்பட்ட விவசாயி எண்டு மட்டும். 'கண்முன்னே பயிர் கருகுகிறது, கண்ணீர் மட்டுமே பாய்கிறது' எண்டு. நான் சத்தம் போட்டு வாசிக்க, இவன் உருண்டு உருண்டு சிரிப்பான்.

— எத்தின பெட்டிசம் அண்ணன்?

— ஆறு.

— ஏழு. கடைசி நேத்துத்தான் தபால்ல போட்டன்.

— புள்ள?

— சாரத்த ஆட்டின அந்த நாய் நீங்களா?

— சபூறா… அந்தக் குட…

— என்ட குட! என்ட வாடி! என்ட ரெண்டு ஏக்கர்! கழுத்தப் பாருங்க, மாலை எங்க எண்டு ஒரு நாளாவது கேட்டீங்களா? வித்துட்டு எடுத்த காணி! வெளிய வாற அண்டைக்கு நேரா வரம்புல கொண்டு போய் நிப்பாட்டி, இந்தாங்க ஒங்கட வயல் எண்டு காட்டணும் எண்டு வாயப் பொத்திட்டு இரிந்தன். பேர் போட்டா ஒங்கட விடுதலை தட்டிப் போகும் எண்டு பெட்டிசத்துலயும் பேர் போடல்ல!

— ஐயோ என்ட முருகா! பக்கீர், உண்ட பொஞ்சாதிட வயலையாடா காய வெச்சாய்?

— சிரிக்காதீங்க சேர்! புள்ள, நெல்லு எப்பிடி இரிக்கி? மஞ்சளா? வெடிப்பு உழுந்திட்டா? ஒரு வெரல் போகுமா, ரெண்டு வெரல் போகுமா?

— ஒரு வெரல். இன்னும் சாகல்ல.

— அல்ஹம்துலில்லாஹ்! சேர், என்ட பையத் தாங்க! சீட்டத் தாங்க! இந்த நாப்பது ஏக்கரும் எப்பிடியும் போகட்டும். வேன் எங்க? நட புள்ள, நம்முட வயலுக்குப் போவம்!

— நில்லுங்க. அங்க போய் என்ன செய்யப் போறீங்க?

— தண்ணி கட்ட!

— எந்தத் தண்ணிய? தண்ணி இஞ்ச இரிக்கி. நீங்க வெளிய வந்தா சாவி கொழும்புக்காரனுக்குப் போகும். அவன் நம்முட மூணு நாளத் தருவானா?

— அப்ப… என்ன செய்யச் செல்றா?

— சீனித்தம்பி அண்ணன், சாப்பாட்ட எறக்கச் செல்லுங்க, முகாமுல எல்லாரும் தின்னட்டும். பெரியவர்ட்டப் போய் பொஞ்சாதி ஓம் எண்டுட்டா எண்டு செல்லுங்க: ஏழு வருசம் இந்த மனிசன் இல்லாம இரிந்தவ, இன்னும் இருபது நாள் இரிப்பன், இவர உள்ளுக்கே வெச்சிரிங்க!