மஞ்சள் தொட்டியில் ஒரு நீலம்

ரதி: போன மாசம் இதே இடத்தில நிண்டு என்ன சொன்னனீங்கள்? “ரதி, அடுத்த முறை வரேக்கை தவளையளை ஸ்ரௌவ்வில் அண்ணை வீட்டுக்குக் கொண்டு போயிடுவன்” எண்டு. நான் என்ன சொன்னனான்?

கீதன்: “ம்” எண்டனீர்.

ரதி: பிறகு?

கீதன்: “உங்கட அண்ணை வீட்டு பேஸ்மென்ற் குளிருமெல்லே, பாவங்கள்” எண்டனீர். அது கிடக்கட்டும்... இதென்ன இது? மஞ்சள் தவளையளின்ரை தொட்டிக்குள்ள நீலத் தவளை ஒண்டு நிக்குது!

ரதி: தொட்டி கழுவேக்கை... மாறி விட்டிட்டன் போல.

கீதன்: ஐயோ ரதி! எத்தினை தரம் சொல்லியிருப்பன்?

ரதி: ரெண்டும் ஒரே இனம், நிறம் மட்டும்தான் வேற எண்டும் நீங்கள்தான் சொன்னனீங்கள்.

கீதன்: அதாலதான் சோடி சேரும்! குஞ்சு நீலமாயும் வராது, மஞ்சளாயும் வராது. பத்து வருசமா கலக்காமல் வளர்த்தனான்... நான் போன இந்த எட்டு மாசமும் இதுகளை உம்மை நம்பி விட்டன். சாப்பாடாவது போட்டனீரோ?

ரதி: ஓம். பழ ஈயை வைற்றமின் தூளில பிரட்டிப் பிரட்டி. பாதி ஈ என்ர சோத்துக் கோப்பைக்குள்ள. விஷத் தவளையாம்!

கீதன்: காட்டில எறும்பு திண்டாத்தான் விஷம். வீட்டில வளர்ந்ததுக்கு ஒரு சொட்டும் இல்லை.

ரதி: அப்ப இந்த வீட்டில விஷம் எனக்கு மட்டும்தான். அதுதானே வெளிக்கிட்டுப் போனனீங்கள்.

கீதன்: ரதி...

ரதி: சரி, சரி.

கீதன்: இந்தச் சிரட்டை ஏன் கவிட்டுக் கிடக்கு? பொறும்... முட்டை! ஐஞ்சு முட்டை!

ரதி: அப்பிடியே?

கீதன்: என்ன “அப்பிடியே”? இப்பிடி இருட்டு மறைவு இருந்தாத்தான் அதுகள் முட்டை இடும். சிரட்டையை ஆர் வைச்சது?

ரதி: தேங்காய் திருவினனான்... சும்மா...

கீதன்: மூண்டு நீலத்தில ஒண்டுதான் ஆண். மஞ்சள் ரெண்டும் பெண். கழுவேக்கை அந்த ஆண் மட்டும் பாத்து மாறினதோ?

ரதி: கொஞ்சம் தள்ளுங்கோ, தொட்டிக்குத் தண்ணி விசிற வேணும்.

கீதன்: ஆண் எதெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?

ரதி: கால்விரல் நுனி அகலம். கலியாணம் கட்டின புதுசில காட்டினனீங்கள்.

கீதன்: நீர் அப்ப போனையெல்லோ பாத்துக்கொண்டு இருந்தனீர்!

ரதி: காது சும்மாதானே இருந்தது. அது சரி, கொண்டுபோற பெட்டி எங்கை?

கீதன்: காரில.

ரதி: நீங்கள் வந்த உடன நானும்தான் கீழ வந்து, நீங்கள் வாங்கியந்த ஈ டப்பாவைக் காரில இருந்து எடுத்தனான். பின் சீற் வெறுமை.

கீதன்: ...மறந்திட்டன்.

ரதி: தவளை ஏத்த வந்த மனுசன் பெட்டியை மறந்திட்டார்!

கீதன்: நீர் மாறி விட்டனீர், நான் மறந்திட்டன். காணுமே? முட்டை கிடக்கேக்கை தொட்டியை அசைக்க ஏலாது. இப்ப என்ன செய்யிறது, சொல்லும்.

ரதி: முட்டை வந்தா அசைக்க ஏலாதெண்டு தெரிஞ்சுதான் அந்த ஆணைப் பிடிச்சு மஞ்சளுக்குள்ள விட்டனான்... இஞ்சேருங்கோ, அதுகள் இஞ்சையே கிடக்கட்டும். நீங்களும் திரும்பி வீட்டை வாங்கோ.