துணைத் தலைவர் சொன்னது

தக்காளியை அமுக்கிப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. அதனால் காய்கறிக் கடையில் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஊர் என்ன நினைக்கிறது என்பதும் அதற்குள் காதில் விழுந்துவிடும்.

"ஏன்க்கா, உங்க வீட்டுக்காரரு எப்பதான் அந்த நாற்காலியை விடுவாரு?" என்று கடைக்காரர் கேட்பார்.

"நாற்காலி அவரை விட்டாத்தானே" என்பேன்.

என் கணவர் நகர்மன்றத் துணைத் தலைவர். தலைவர் சாது, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேரனோடு விளையாடப் போய்விடுவார். மற்றதெல்லாம் இவர் கையில். குடிநீர்க் குழாயோ கடை உரிமமோ, இவர் மனம் வைத்தால்தான் நகரும். ஊரில் ஒருவருக்கும் இவரைப் பிடிக்காது. ஒரு வகையில் அது நியாயம்தான்.

அவருக்கு ஒரு பழக்கம். மன்றத்தில் எவருக்கும் நேராகப் பதில் சொல்ல மாட்டார். சொன்னால் மதிப்புக் குறையும் என்று எண்ணம். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காதில் முணுமுணுப்பார். நான் எழுந்து அறிவிப்பேன். விதியில் இதற்கு இடமில்லை. ஆனால் கேட்கிற தைரியம் யாருக்கு இருக்கிறது? ஆரம்பத்தில் உறுப்பினர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாளடைவில் அவரை விட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கத் தொடங்கினார்கள்.

சென்ற ஆண்டு குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்த அடைப்பு. வலது பக்கம் தளர்ந்தது, பேச்சும் போயிற்று. இனி ஓய்வுதான் என்றார் மருத்துவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த வாரம் பேருந்து நிலைய விரிவாக்கம் மன்றத்துக்கு வந்தது. பாதியில் விட முடியுமா? கால் எலும்பு முறிவு என்று சொல்லிச் சக்கர நாற்காலியில் அழைத்துப்போனேன். சளி என்று சொல்லி வாய்வரை துணியைச் சுற்றிவிட்டேன். அவர் என் பக்கம் சாய்ந்தார். நான் எழுந்து அறிவித்தேன். எதிரணிக்காரர் மட்டும், "இன்னிக்கு ஐயா யாரையும் முறைக்கலையே, உடம்பு ரொம்ப முடியலையோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஊருக்கு நல்லதும் நடந்தது. பெண்கள் கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் வந்தது. சில இடங்களில் கண்டிப்பும் தேவைப்பட்டது. காய்கறிக் கடைகளை ஊருக்கு வெளியே தள்ளியதற்கு அவரைத்தான் திட்டுகிறார்கள். திட்டட்டும், அவருக்கு அது பழக்கம்தான்.

பேச்சுப் பயிற்சி தர ஒரு பெண் வந்தாள். கெட்டிக்காரி. மேசையைத் தட்டித் தட்டி அவருக்குச் சொற்களை மீட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மகள் வந்திருந்தபோது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம். பதவி வேணாம்" என்றார்.

"அம்மா, அப்பா தெளிவாத்தான் சொல்றாரு. விட்டுடு. நான் என்கூடக் கூட்டிட்டுப் போறேன்."

"பதவி இல்லாம உங்கப்பா என்னடி செய்வாரு?"

"நீ என்ன செய்வேன்னு சொல்லும்மா" என்றாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வாய் அதிகம். நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் இந்தப் புகாரும் அவள் கொடுத்ததுதான்.

மறுநாள் பயிற்சிப் பெண்ணை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கும் களைப்பாக இருந்தது. பயிற்சி நின்றதும் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்விட்டன. 'வேணாம்' மட்டும் போகவில்லை. அதன்பிறகு மன்றத்தில் என் காதில் அவர் சொன்னதெல்லாம் அது ஒன்றுதான். அவர் விழுந்த நாளிலிருந்து நான் அறிவித்த தீர்மானங்கள் அத்தனையும் என்னுடையவை. இதை நீங்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம்.

எனக்குப் பதவி ஆசை என்று மகள் சொன்னதை மட்டும் எழுத வேண்டாம். நான் எந்தத் தேர்தலிலும் நின்றவள் இல்லை. விலகுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. அடுத்த அறையில்தான் இருக்கிறார், நீங்களே கேளுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் என்ன சொல்கிறார் என்று உங்களுக்குச் சொல்கிறேன்.