வெறும் பித்தளை

...அதைத்தாண்ணே சொல்றேன், இந்த ஊர்லே எவனுக்கும் ஒரு பொருளோட மதிப்புத் தெரியலே. நீங்க பழைய இரும்பை எடை போடுங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன். காலையிலே ஒரு டீச்சரம்மா வந்தாங்களா? கண்ணாடி போட்டவங்க, ஆட்டோவிலே ஒரு சாக்கு... ஆங், அவங்கதான். அந்தச் சாக்குக்குத்தான் ஓடி வந்தேன்.

பழைய ட்ரம்ஸ் வாங்கி விக்கிறவண்ணே நானு. முப்பது வருஷம். அந்தம்மா வீட்டுக்காரர் கச்சேரிக்கு வாசிச்சவர், போய்ச் சேர்ந்துட்டார். போன வாரம் போய்ப் பார்த்தேன், செட்டு மாடி ரூம்லே கெடக்குது. பெரிய ட்ரம் மேலே துவைச்ச துணி. சின்ன ட்ரம் மேலே பூந்தொட்டி. அழகுக்கு அழகு, தண்ணி ஊத்தவும் வசதி.

ஆனா அந்தச் சிம்பல் ஜோடி, தாளத் தட்டு இருக்கே... கால்லே மிதிச்சா ஒண்ணை ஒண்ணு 'ச்சிக்'குனு கடிக்குமே, அது. கையாலே அடிச்சுச் செஞ்சதுண்ணே. சுத்தியல் பட்ட குழியெல்லாம் அப்படியே தெரியுது. நகத்தாலே லேசா சுண்டினேன். எனக்குப் பேச்சே நின்னு போச்சு. எனக்கு. என் சம்சாரம்கூட நம்பலே.

அந்த ஜோடிக்காக ஒருத்தர் எட்டு வருஷமா அலையறார். நாளைக்குக் கடைக்கு வரார். கெடைச்சிருச்சுன்னு வாய் விட்டுட்டேன்.

என்ன பார்க்கறீங்க? இவ்வளவு தெரிஞ்சவன் அன்னிக்கே எடுத்துட்டு வரவேண்டியதுதானேன்னா? தொழிலுக்குன்னு ஒரு முறை இருக்குண்ணே. பார்த்ததும் பல்லை இளிச்சா வெலை ஏறிடும். மூஞ்சியைத் தொங்கப் போடணும். உச்சுக் கொட்டணும். ஒரு வாரம் கழிச்சு, ஏதோ பாவம் பார்த்து எடுத்துக்கற மாதிரி போய் நிக்கணும். அதனாலே சொன்னேன், 'டீச்சரம்மா, இது வெறும் பித்தளை. பழைய இரும்புக் கடைக்குத்தான் ஆகும்'னு.

இன்னிக்குப் போய் நிக்கறேன். 'நல்ல வேளை சொன்னீங்க தம்பி, உங்க புண்ணியத்திலே ரூம் காலியாச்சு'ங்கறாங்க. உக்காரவச்சு டீ வேறே. படிச்சவங்கண்ணே. ஒருத்தன் சொன்னா அப்படியே நம்பிடறதா?

இதுவா சாக்கு? இது... பெரிய ட்ரம்மோட வளையம். நறுக்கியாச்சா. எல்லாம் ஒரே அளவா வேறே நறுக்கியிருக்கீங்க, தையக்காரர் தோத்தார். போகட்டும். சிம்பல் எங்கேண்ணே? அந்த நறுக்கற மெஷின் பக்கத்திலேயா?

அப்பாடா. ரெண்டும் முழுசா இருக்கு. ஒரு கீறல் இல்லே.

எவ்வளவு? என்னண்ணே, காதைத் தீட்டி வச்சுக்கிட்டுத்தான் எடை போட்டீங்களா? இதுக்குப் போய் இந்த வெலையா? ஓரத்திலே தேய்ஞ்சிருக்கு, நிறம் மங்கியிருக்கு... விடுங்க, ஒரு வாரம் கழிச்சு இந்தப் பக்கம் வந்தா பார்க்கறேன். என்ன இருந்தாலும் வெறும் பித்தளைதானே...

ஏண்ணே, மெஷினை எதுக்குப் போடறீங்க?

அண்ணே... கையை எடுங்கண்ணே. பழக்க தோஷத்திலே வாயிலே வந்துடுச்சு. நீங்க சொன்னதுதான் வெலை.